அப்பாவின் கால் புண்ணுக்கு ஜார்ஜியாவிலிருந்து வைரஸ் வரவழைக்கலாமா?

வாசகர் கேள்விக்குத் தொற்றுநோய் சிகிச்சை மருத்துவரின் பதில்

கொங்குப் பகுதியிலிருந்து ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு 63 வயது, பதினெட்டு வருடமாகச் சர்க்கரை. வலது கால் கட்டைவிரலுக்கு அடியில் வந்த புண் ஏழு மாதமாக ஆறவில்லை. பக்கத்து விரலை ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள். இரண்டு முறை கல்ச்சர் (புண்ணிலிருந்து எடுத்த கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) பார்த்தும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாதான் வந்திருக்கிறது. ரிப்போர்ட்டில் ஏறக்குறைய எல்லா மருந்துக்கும் நேராக ‘ஆர்’ (வேலை செய்யாது), கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு மட்டும் ‘ஐ’ (இடைநிலை). வெளிநாட்டில் வேலை பார்க்கும் தம்பி, ஜார்ஜியா நாட்டின் திபிலீசி நகரில் ஃபேஜ் எனப்படும் வைரஸ்களை வைத்துப் பாக்டீரியாவைக் கொல்லும் வைத்தியம் நூறு வருடமாக நடக்கிறது என்று படித்துவிட்டு, அங்கே கிடைக்கும் குப்பி மருந்தை யார் கையிலாவது கொடுத்தனுப்பப் பார்க்கிறார். “வைரஸைப் போய் யாராவது புண்ணில் ஊற்றுவார்களா?” என்று அம்மா அழுகிறார். வாசகியின் வாதம் இது: “பாக்டீரியா மாத்திரைக்குப் பழகிவிடும், சரி. வைரஸுக்கு எப்படிப் பழகும்? அதற்கென்ன நம்மைப் போல நோய் எதிர்ப்புச் சக்தியா இருக்கிறது? வைரஸும்தான் மாறிக்கொண்டே வருமே. வைரஸ் வந்ததும் ஆன்டிபயாடிக்கை நிறுத்திவிட்டால் அப்பாவின் கிட்னியாவது பிழைக்கும்.” கடைசியில், பக்கத்து வீட்டார் கொடுத்த கங்கைத் தீர்த்தத்தால் புண்ணைக் கழுவலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

அம்மாவின் பயத்தை முதலில் தீர்த்துவிடுவோம், அது சுலபம். ஃபேஜ்கள் பாக்டீரியாவைத்தான் தாக்கும், மனித செல்லுக்குள் அவற்றால் பெருக முடியாது. நம் ஒவ்வொருவர் குடலிலும் கோடிக்கணக்கில் இருக்கின்றன, அம்மாவின் குடலிலும்தான். பயப்பட வேண்டிய விஷயம் வேறு. ஃபேஜைப் பாக்டீரியாவுக்குள்தான் வளர்த்தெடுக்க முடியும். சூடோமோனாஸ் மாதிரிப் பாக்டீரியா வெடிக்கும்போது எண்டோடாக்ஸின் என்ற நச்சு வெளியே வரும். அதைச் சரியாகச் சுத்திகரிக்காத மருந்தை ரத்தத்தில் ஏற்றினால் காய்ச்சல், நடுக்கம், ரத்த அழுத்தம் இறங்குவது என்று ஆளைப் படுக்கவைத்துவிடும். ஆகவே அம்மாவிடம், “வைரஸுக்குப் பயப்படாதீர்கள், யார் எப்படித் தயாரித்தது என்று தெரியாத குப்பிக்குப் பயப்படுங்கள்” என்று சொல்லுங்கள்.

உங்கள் வாதத்துக்குத்தான் கொஞ்சம் நேரம் எடுத்துப் பதில் சொல்ல வேண்டும். ஆன்டிபயாடிக்கை நிறுத்தும் யோசனை அதன் மேல்தான் நிற்கிறது.

பாக்டீரியாவுக்கும் எதிர்ப்புச் சக்தி உண்டு

ஃபேஜ் வேலை செய்யுமா என்று பார்க்கும் பரிசோதனை எளிமையானது. பெட்ரி தட்டில் நோயாளியின் சூடோமோனாஸைப் பரப்பி, நடுவில் ஒரு சொட்டு ஃபேஜ் விட்டு, ராத்திரி முழுக்க 37 டிகிரியில் வைப்போம். காலையில் மூடியைத் திறந்தால் திராட்சை மாதிரி ஒரு வாசம் வரும், அது சூடோமோனாஸுக்கே உரியது. தட்டு முழுக்கப் பச்சை கலந்த படலம், சொட்டு விழுந்த இடம் மட்டும் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். வீடியோக்களில் காட்டுவது இந்தத் தெளிந்த வட்டத்தைத்தான். அதே தட்டை இன்னும் ஒரு நாள் வைத்துப் பாருங்கள். வட்டத்துக்குள் ஊசி முனை அளவில் சில புள்ளிகள் முளைத்திருக்கும். அந்த ஃபேஜ் இனி எதுவும் செய்ய முடியாத பாக்டீரியாக்கள் அவை.

அவை வைரஸைப் பார்த்த பிறகு பழகிக்கொண்டவை அல்ல. கோடிக்கணக்கான பாக்டீரியாவில் ஒன்றிரண்டு, தற்செயலான மரபணு மாற்றத்தால் முன்பே அப்படி இருந்தவை. மற்றதெல்லாம் செத்த பிறகு இடம் அவற்றுக்குக் கிடைக்கிறது. 1943-இல் லூரியா, டெல்புரூக் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இதை நிரூபித்தார்கள். அவர்கள் அதற்கு எடுத்துக்கொண்டது ஆன்டிபயாடிக்கை அல்ல, ஃபேஜைத்தான். உங்கள் அப்பாவின் புண்ணில் இருக்கும் பாக்டீரியாவும் கோடிக்கணக்கில்தான்.

சரி, எப்படித் தப்பிக்கிறது? ஃபேஜ் உள்ளே போக வேண்டுமானால் பாக்டீரியாவின் மேற்பரப்பில் தனக்குப் பொருந்தும் ஒரு பிடி வேண்டும். சூடோமோனாஸில் அது பெரும்பாலும் மெல்லிய மயிரிழை போன்ற நீட்சியாகவோ, வெளிச்சவ்வில் இருக்கும் சர்க்கரைச் சங்கிலியாகவோ இருக்கும். அந்த நீட்சியை முளைக்கவிடாமல் நிறுத்திக்கொண்டாலே அதைப் பிடித்து ஏறும் ஃபேஜ்களுக்கு வழி அடைபட்டுவிடும். ஆறாத புண்களில் பாக்டீரியா தன்னைச் சுற்றிக் கொழகொழவென்று ஒரு படலம் கட்டிக்கொள்ளும். ஆன்டிபயாடிக்குக்குத் தடையாக இருக்கும் அதே படலம் ஃபேஜுக்கும் பல நேரம் தடைதான்.

உள்ளே நுழைந்துவிட்டாலும் கதை முடிவதில்லை. பாக்டீரியாவிடம் டிஎன்ஏவை வெட்டும் நொதிகள் இருக்கின்றன. தன் டிஎன்ஏவில் குறிப்பிட்ட இடங்களில் அடையாளம் போட்டு வைத்திருக்கும், அடையாளம் இல்லாத டிஎன்ஏ வந்தால் வெட்டித் துண்டாக்கிவிடும். இதற்காக 1978-இல் ஆர்பர், நேதன்ஸ், ஸ்மித் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பாக்டீரியா தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருந்த அந்தக் கத்திரிகளை எடுத்துத்தான் மரபணுப் பொறியியல் என்ற துறையே தொடங்கியது.

அடுத்தது கிரிஸ்பர். தாக்கிய ஃபேஜின் டிஎன்ஏவில் ஒரு துணுக்கை வெட்டித் தன் மரபணுத் தொகுதியிலேயே சேர்த்துக்கொள்வது, அடுத்த முறை அதே ஃபேஜ் வந்தால் அந்தத் துணுக்கை வைத்து அடையாளம் கண்டு வெட்டுவது. சேர்த்துவைத்தது பிள்ளை, பேரன் என்று அடுத்த தலைமுறைகளுக்கும் போகும். 2007-இல் இதைச் சோதனையில் நிரூபித்தவர்கள் தயிர் போன்ற பால்பொருள்களுக்கு உறை தயாரிக்கும் ஒரு கம்பெனியின் ஆராய்ச்சியாளர்கள். தயிருக்கான பாக்டீரியாவை ஃபேஜ் தாக்கிப் பால் உறையாமல் போவது அவர்களுக்கு வியாபார நஷ்டம், அதனால் வந்த அக்கறை. நமக்கு அம்மை வந்தால் உடம்பு நினைவு வைத்துக்கொள்வது போன்ற ஒரு ஞாபகம் ஒற்றைச் செல் உயிருக்கு இருக்கும் என்று அதற்கு முன் வகுப்பில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். எல்லாப் பாக்டீரியாவிடமும் இது கிடையாது, ஏறக்குறைய நாற்பது சதவீதத்திடம் உண்டு. சூடோமோனாஸ் இனத்தில் பலவற்றிடம் இருக்கிறது.

எதுவும் பலிக்கவில்லை என்றால் தற்கொலை. தொற்று ஏற்பட்டது தெரிந்ததும், வைரஸ் பெருகி வெளியே வருவதற்குள் அந்தச் செல் தன் சவ்வையோ தன் உயிர்ப்பொருள்களையோ தானே அழித்துக்கொள்ளும். அது சாகும், சுற்றியிருக்கும் இனம் பிழைக்கும். இப்படிச் செயல்படும் ஒரு முறைக்கும் நம் செல்கள் வைரஸ் வந்ததை உணர்ந்து எச்சரிக்கை கொடுக்கும் முறைக்கும் பூர்வீகம் ஒன்றுதான் என்பது கடந்த சில ஆண்டுகளில் தெரியவந்தது. “நம்மைப் போல எதிர்ப்புச் சக்தியா இருக்கிறது” என்று கேட்டீர்களே, நம்முடைய எதிர்ப்புச் சக்தியில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வந்திருக்கிறது.

2018-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ரோட்டெம் சோரெக்கின் குழு இப்படிப்பட்ட புதிய தற்காப்பு முறைகளை ஒரேயடியாகப் பத்துக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றுக்கும் உலகின் காவல் தெய்வங்களின் பெயரை வைத்தது. ஜப்பானின் ஹச்சிமான், எகிப்தின் வாஜெட், மெசபடோமியாவின் லமாசு எல்லாம் பட்டியலில் உண்டு. நம் எல்லைச்சாமிகளுக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை. இப்போது இந்தப் பட்டியல் நூற்றுக்கு மேல் போய்விட்டது. ஒரு பாக்டீரியாவிடம் சராசரியாக ஐந்து முறைகள் இருக்கும் என்பது கணக்கு. சூடோமோனாஸ் அந்தச் சராசரிக்கு மேலே நிற்கும் ஆள்.

அப்படியானால் ஃபேஜ் வைத்தியமே பொய்யா?

இல்லை. ஃபேஜ்களும் சும்மா இருப்பதில்லை. டி4 என்ற ஃபேஜ் தன் டிஎன்ஏவின் எழுத்தொன்றையே மாற்றி, அதன் மேல் சர்க்கரையும் பூசிக்கொண்டு வருகிறது, வெட்டும் நொதிக்குப் பிடி கிடைப்பதில்லை. கிரிஸ்பரை முடக்கும் புரதங்கள் ஃபேஜ்களிடம் இருப்பது 2013-இல் தெரிந்தது. அது முதலில் தெரிந்ததே சூடோமோனாஸைத் தாக்கும் ஃபேஜ்களில்தான். வைரஸும் மாறிக்கொண்டே வரும் என்று நீங்கள் எழுதியிருப்பது இந்த அளவில் உண்மை. ஆனால் அந்த மாற்றம் உங்கள் அப்பாவின் காலில், உங்களுக்கு வேண்டிய வாரத்தில், தானாக நடக்கும் என்று நம்பி மருந்தை நிறுத்த முடியாது.

அமெரிக்காவில் 2016-இல் டாம் பேட்டர்சன் என்ற பேராசிரியர் பிழைத்த கதையை உங்கள் தம்பி பார்த்திருப்பார். அசினெட்டோபாக்டர் என்ற பாக்டீரியாவால் கோமாவில் கிடந்தவர். அவர் மனைவி ஸ்டெஃபனி ஸ்ட்ராத்டீ ஒரு தொற்றுநோயியல் நிபுணர். பல ஆய்வுக்கூடங்களைத் தட்டிக் கணவருக்கு ஃபேஜ் திரட்டினார். வீடியோக்களில் பெரும்பாலும் விட்டுப்போகும் பகுதி ஒன்று இருக்கிறது. முதலில் கொடுத்த ஃபேஜ்களுக்குச் சில நாட்களிலேயே அந்தப் பாக்டீரியா அசைந்துகொடுக்காமல் போனது. மாறிப்போன பாக்டீரியாவை எடுத்து, அதைக் கொல்லும் புது ஃபேஜைச் சாக்கடை நீரில் தேடிப்பிடித்தார்கள். கூடவே மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கும் ஓடிக்கொண்டிருந்தது. அவரைக் காப்பாற்றியது ஒரு குப்பி அல்ல, இரவு பகலாகப் பின்னால் நின்ற ஆய்வுக்கூடங்கள்.

சூடோமோனாஸ் விஷயத்தில் இன்னொரு நல்ல முன்னுதாரணம் உண்டு. யேல் பல்கலைக்கழகத்தார் ஒரு குளத்து நீரிலிருந்து எடுத்த ஃபேஜ், பாக்டீரியா மருந்தை வெளியே இறைத்துத் தள்ளப் பயன்படுத்தும் பம்ப்பையே பிடித்து ஏறுகிறது. அதிலிருந்து தப்ப வேண்டுமானால் பாக்டீரியா அந்தப் பம்ப்பை மாற்றிக்கொள்ள வேண்டும், மாற்றினால் ஆன்டிபயாடிக் மறுபடி வேலை செய்யத் தொடங்கும். மார்பில் வைத்த செயற்கை ரத்தக்குழாயில் நெடுநாள் தொற்றோடு இருந்த ஒருவருக்கு இந்த ஃபேஜையும் செஃப்டாசிடிம் என்ற ஆன்டிபயாடிக்கையும் சேர்த்துக் கொடுத்துக் குணமாக்கினார்கள். கவனியுங்கள், சேர்த்து. பாக்டீரியா எதிர்க்கும் என்பதை எதிர்பார்த்தே போட்ட திட்டம் அது. ஆன்டிபயாடிக்கை நிறுத்தியிருந்தால் அந்தத் திட்டத்தில் பாதி இல்லாமல் போயிருக்கும். இன்றைக்கு இந்தத் துறையில் எனக்கு நம்பிக்கை தருவது இந்த வழிதான்.

தம்பி வாங்க நினைக்கும் குப்பி

திபிலீசியில் 1923-இல் எலியாவா என்ற நுண்ணுயிரியலாளர் தொடங்கிய ஃபேஜ் நிறுவனம் உண்மையானது, அனுபவமும் உள்ளது. அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் அங்கே கடையில் கிடைக்கும் கலவை, ஐந்து வகைப் பாக்டீரியாக்களுக்குப் பொதுவாகத் தயாரித்தது. அட்டையில் சூடோமோனாஸ் என்று இருப்பதால் அப்பாவுக்குச் சேரும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே இனத்துக்குள்ளேயே ஒரு கிளையைக் கொல்லும் ஃபேஜ் இன்னொன்றைத் தொடாது, காரணம் மேலே சொன்ன அத்தனை தற்காப்பும்தான். அப்பாவின் புண்ணில் வளர்ந்த அதே பாக்டீரியாவை வைத்து அந்தத் தட்டுப் பரிசோதனை செய்யாமல் ஃபேஜ் கொடுப்பது, கல்ச்சர் பார்க்காமல் ஆன்டிபயாடிக் கொடுப்பதை விட மோசம்.

பிரான்ஸ், பெல்ஜியம் மருத்துவமனைகளில் தீக்காயத்தில் வந்த சூடோமோனாஸுக்கு ஃபேஜ் கொடுத்துப் பார்த்த ஃபேகோபர்ன் ஆய்வு இதற்குச் சரியான பாடம். மில்லிக்குப் பத்து லட்சம் ஃபேஜ் இருக்க வேண்டிய மருந்து, நோயாளிக்குப் போகும்போது வீரியம் குறைந்து பத்து, நூறு என்ற அளவுக்கு இறங்கியிருந்தது. வழக்கமான களிம்பை விட மெதுவாகவே அது பாக்டீரியாவைக் குறைத்தது, குணமாகாதவர்களின் பாக்டீரியாவோ அந்தக் குறைந்த அளவை எளிதாகத் தாங்கியது. முறைப்படி நடந்த ஆய்விலேயே இந்தக் கதி என்றால், பெட்டியில் துணிமணிக்கு நடுவே வரும் குப்பியை என்ன சொல்வது?

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் மனிதர்களுக்கான ஃபேஜ் மருந்து எதுவும் விற்பனைக்கு அனுமதி பெறவில்லை. வெளிநாட்டு மருந்தைச் சொந்த உபயோகத்துக்கு வரவழைக்க மத்திய மருந்து தரக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் படிவம் 12ஏ கொடுத்து அனுமதி வாங்கும் வழி இருக்கிறது. அதற்கு ஒரு டாக்டரின் சீட்டு வேண்டும், அவரே பொறுப்பேற்று மருந்தைக் கொடுக்கவும் வேண்டும். யாரும் கையெழுத்துப் போடவில்லை என்றால், “இந்த ஊர் டாக்டர்களுக்கு ஒன்றும் தெரியாது” என்று நினைத்துவிடாதீர்கள். நாளைக்கு அப்பாவுக்கு நடுக்கம் வந்தால், உள்ளே என்ன போனது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அதற்கு முன்னால் காலைப் பாருங்கள்

உங்கள் கடிதத்தில் பாக்டீரியாவைப் பற்றி இரண்டு பக்கம் இருக்கிறது, காலைப் பற்றி நாலு வரிதான். எனக்கு அதுதான் உறுத்துகிறது. ஈரமான, ஆறாத எந்தப் புண்ணிலும் சூடோமோனாஸ் வந்து குடியேறும். மேலாகப் பஞ்சால் துடைத்து எடுத்த கல்ச்சரில் அது வந்தால், புண் ஆறாததற்குக் காரணம் அதுதான் என்று அர்த்தமில்லை. சுற்றிலும் சிவப்பு, சூடு, வீக்கம், வலி, சீழ் என்று தொற்றின் அறிகுறிகள் இருக்கின்றனவா? இல்லையென்றால் ஆன்டிபயாடிக்கே தேவையில்லாமல் போகலாம், கிட்னியும் பிழைக்கும். அந்த முடிவைப் புண்ணை நேரில் பார்க்கும் டாக்டர் எடுக்கட்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அறிகுறிகள் இருந்தால், செத்த சதையைச் சுத்தம் செய்த பிறகு அடியிலிருந்து திசுவை எடுத்துக் கல்ச்சர் அனுப்பச் சொல்லுங்கள். எலும்பு வரைக்கும் போயிருக்கிறதா என்று எக்ஸ்ரே, தேவைப்பட்டால் எம்ஆர்ஐ பார்க்க வேண்டும். ஏற்கெனவே ஒரு விரலை எடுத்த காலில் இது தள்ளிப்போடக் கூடாத கேள்வி. எலும்பில் இருந்தால் சிகிச்சை வாரக்கணக்கில் போகும். காலுக்கு ரத்தம் ஒழுங்காகப் போகிறதா என்று டாப்ளர் எடுத்தார்களா? கடிதத்தில் இல்லை. ரத்தம் போகாத காலில் ஆன்டிபயாடிக்கும் போகாது, ஃபேஜும் போகாது.

அப்புறம், அப்பா எப்படி நடக்கிறார்? கட்டைவிரலுக்கு அடியில் புண் வைத்துக்கொண்டு ரப்பர் செருப்பில் கடைத்தெருவுக்குப் போய் வந்தால் எந்த மருந்தும் தோற்கும். அழுத்தம் விழாதபடி மாவுக்கட்டு போடுவது, ஆறிய பிறகு எம்சிஆர் என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு, இவை எதுவும் வீடியோ எடுக்கும் அளவுக்குச் சுவாரசியமானவை அல்ல, ஆனால் பல கால்களைக் காப்பாற்றுபவை இவைதான். தம்பி அனுப்ப நினைக்கும் பணத்துக்கு முதல் செலவு இங்கே இருக்கிறது.

ரிப்போர்ட்டில் கொலிஸ்டினுக்கு நேராக இருக்கும் ‘ஐ’ பற்றி ஒரு வார்த்தை. பாதி வேலை செய்யும் என்று படித்துக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். பல லேப்கள் பின்பற்றும் விதிமுறையில் கொலிஸ்டினுக்கு ‘எஸ்’ (வேலை செய்யும்) என்ற வகையே இப்போது கிடையாது. அதிகபட்சம் கிடைப்பதே ‘ஐ’தான். கிட்னியைப் பற்றிய உங்கள் பயம் மட்டும் நியாயமானது, அந்த மருந்து போகும்போது, கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினை அடிக்கடி பார்க்க வேண்டும். செஃப்டாசிடிம்–அவிபாக்டம் போன்ற புதிய மருந்துகளைச் சோதித்தார்களா என்று லேபில் கேளுங்கள். வேலை செய்தால் கொலிஸ்டினைத் தவிர்க்க வழி கிடைக்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் எலும்பில் தொற்று நிற்கிறது, மருந்து எதுவும் கேட்கவில்லை, அடுத்து காலையே எடுக்க வேண்டும் என்ற நிலை வந்தால் ஃபேஜைப் பற்றிப் பேசலாம். அப்போது குப்பியை வரவழைக்காதீர்கள், பாக்டீரியாவை அனுப்புங்கள். லேபில் அந்தக் கல்ச்சரைப் பத்திரப்படுத்தச் சொல்லி வையுங்கள், வழக்கமாகச் சில நாட்களில் தூக்கிப் போட்டுவிடுவார்கள். உங்கள் டாக்டர் மூலமாக, பொருத்தம் பார்க்கக்கூடிய ஆய்வுக்கூடத்தை அணுக வேண்டும். வேலூர் விஐடி உட்பட இந்தியாவிலும் ஃபேஜ் ஆராய்ச்சி நடக்கிறது, ஆனால் ஆராய்ச்சிக்கூடம் வேறு, ஆஸ்பத்திரி வேறு என்பதை நினைவில் வையுங்கள். பொருந்தும் ஃபேஜ் கிடைத்தாலும் ஆன்டிபயாடிக்கோடு சேர்த்துத்தான், சிகிச்சைக்கு நடுவே மறுபடி மறுபடி கல்ச்சர் எடுத்துப் பார்த்துத்தான்.

கங்கைத் தீர்த்தம் வேண்டாம். 1896-இல் ஹாங்கின் என்ற ஆங்கிலேயர் கங்கை, யமுனை நீருக்குக் காலரா கிருமியைக் கொல்லும் தன்மை இருப்பதாக எழுதினார், அது ஃபேஜாக இருக்கலாம் என்று இன்று பலரும் கருதுகிறார்கள். இருக்கட்டும். அது காலரா கிருமி, இது சூடோமோனாஸ். காய்ச்சாத ஆற்று நீரில் புதிய சூடோமோனாஸே வந்து சேரும். பக்கத்து வீட்டாருக்கு நன்றி சொல்லிப் பூஜை அறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் ஒன்றிரண்டு வாரம் எடுக்கும். அதற்குள் அப்பாவுக்குக் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, சிவப்பு பாதத்தைத் தாண்டி மேலே ஏறினாலோ, விரல் கறுத்தாலோ, வழக்கத்துக்கு மாறாகப் பிதற்றினாலோ, சர்க்கரை திடீரென்று எகிறினாலோ காலை வரைக்கும் காத்திருக்காதீர்கள். அன்று ராத்திரியே சர்ஜன் இருக்கும் ஆஸ்பத்திரியில் சேருங்கள், போகும்போது இரண்டு கல்ச்சர் ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.